புத்தகம் இருக்கு, ஆள் இல்லை

ஒவ்வொரு வருசமும் மே மாதம் முடிகிற நேரம் எங்கட ஆக்களின் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் ஒரே படம் சுற்றி வரும். கூரை போய், சுவர் கறுத்து நிற்கிற யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் படம். 1981 மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் நடந்த வெறியாட்டத்தில் எரிந்துபோன ஏறக்குறைய 97,000 புத்தகங்களை நினைத்து எல்லாரும் இரண்டு வரி எழுதுவோம். நானும் எழுதுவேன். நான் பிறந்ததும் அந்த வருசம்தான். எரிய முதல் இருந்த நூலகத்தை எனக்குத் தெரியாது. அது எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

அந்தத் துக்கத்தில் பொய் இல்லை. ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. உங்கட பிள்ளை படிக்கிற ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் நூலகம் இருக்கிறதா? இருந்தால் அது திறந்திருக்கிறதா? திறந்திருந்தால் உள்ளே யார் நிற்கிறார்?

போன மாசம் ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டு மேசையில் என்னோடு இருந்த தகப்பன்மாரிடம் இதைக் கேட்டேன். எட்டுப் பேர். ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. அவருக்கும் மனுசி சொல்லித்தான் தெரியும். ஒரு அண்ணை சிரித்துப்போட்டுச் சொன்னார்: "தம்பி, கணக்கும் டிக்தேயும் ஒழுங்காப் படிச்சால் காணும். கதைப்புத்தகம் வாசிக்கிறது நேரம் போகாத ஆக்களின்ர வேலை." டிக்தே என்றால் சொல்வதெழுதல். பிரான்சில் பிள்ளை வளர்க்கிற எல்லாருக்கும் அந்தச் சொல் தெரியும், அதுக்குப் பயமும் இருக்கும்.

அந்த அண்ணை நல்ல மனுசன். விடியப்புறம் எழும்பி ஓடி இரண்டு வேலை செய்து மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். அவருக்கு அங்கேயே மறுமொழி சொல்லியிருப்பேன். அதுக்குள்ளே பொம்பிளை மாப்பிளையோடு நின்று படம் எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

இதைச் சொல்ல நான் கல்வியியல் படித்தவன் இல்லை. பாரிசில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. வந்த புதிதில் பிளோஞ், அதாவது கோப்பை கழுவுகிற வேலை. இப்போது அடுப்படியில் நிற்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருசத்தோடு, 2006 இல், என் படிப்பு நின்றது. ஏன் நின்றது என்று எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. மகள் பாரிசின் வடக்குப் புறநகர் ஒன்றில் அரசாங்க ஆரம்பப் பள்ளியில் நாலாம் வகுப்புப் படிக்கிறாள். மத்தியானச் சமையல் மூன்று மணிக்கு முடியும், பின்னேரச் சமையல் ஆறரைக்குத் தொடங்கும். இடையில் இருக்கிற அந்த வெட்டு நேரத்தைக் 'கூப்பூர்' என்பார்கள். சமையலறையில் வேலை செய்கிறவனுக்கு அதுதான் குடும்ப நேரம். அந்த நேரத்தில் நாலரை மணிக்குப் பிள்ளையைக் கூட்டப் போய்ப் போய்த்தான் இந்த விசயம் எனக்குப் பிடிபட்டது.

இங்கத்தைய ஒழுங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்ற நாடுகளில் இருக்கிற ஆக்கள் தங்கட இடத்தோடு வைத்துப் பார்க்கலாம்.

பிரான்சில் ஆரம்பப் பள்ளி நூலகத்துக்குப் பெயர் 'பிப்லியோத்தெக் சோந்த்ர் தொக்குமோந்தேர்'. சுருக்கி 'பே-சே-தே' என்பார்கள். 1975 இல் சில பள்ளிகளில் பரிசோதனையாகத் தொடங்கினார்கள். 1984 அக்டோபரில் கல்வி அமைச்சு சுற்றறிக்கை விட்டு, இதைப் பரப்பச் சொன்னது. அதுக்கு முதல் பெரும்பாலும் வகுப்பறை மூலையில் ஒரு புத்தக அலுமாரிதான் இருந்தது. பே-சே-தேயின் எண்ணம் வேறு. தனியாக ஒரு அறை வேணும். தட்டுகள் பிள்ளையின் உயரத்தில் இருக்கவேணும். பிள்ளை தானே போய், தானே தெரிந்து, இருந்தோ படுத்தோ வாசிக்கவேணும், வீட்டுக்கும் கொண்டுபோகவேணும். கதையும் இருக்கவேணும், அறிவுப் புத்தகமும் இருக்கவேணும். வடிவான எண்ணம்தான்.

ஆனால் அந்த எண்ணத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அறையைப் பற்றி எழுதினார்கள், தட்டைப் பற்றி எழுதினார்கள். அறையில் நிற்கிற ஆளுக்கு ஒரு நிரந்தரப் பதவியை உண்டாக்கவில்லை.

பிள்ளை பதினொரு வயதில் கொலேஜ் என்கிற நடுநிலைப் பள்ளிக்குப் போனால் அங்கே நூலகமும் இருக்கும், அதுக்கென்று பயிற்சி எடுத்த ஆசிரியரும் இருப்பார். 1989 இல் இருந்து அந்த வேலைக்குத் தனியாக ஒரு அரசாங்கப் போட்டிப் பரீட்சையே இருக்கிறது. ஆரம்பப் பள்ளிக்குத் தேசிய அளவில் அப்படி ஒரு பதவி கிடையாது. சில மாநகரசபைகள் தங்கட காசில் ஆள் போடுகின்றன, சில போடுவதில்லை. யோசித்துப் பாருங்கள். பிள்ளை வாசிக்கப் பழகுவது ஆறு வயதில். நூலக ஆசிரியர் வந்து சேர்வது பதினொரு வயதில். அதுக்கிடையில் வாசிக்கிற பிள்ளை எது, வாசிக்காத பிள்ளை எது என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும்.

இனி அண்ணையின் கணக்குக்கும் டிக்தேக்கும் வருகிறேன்.

மகள் இரண்டாம் வகுப்பில் இருக்கும்போது ஒரு ஓநாய்க் கதை கொண்டுவந்தாள். நான் வாசித்துக் காட்டலாம் என்று எடுத்தேன். பதினேழு வருசமாக இந்த நாட்டில் பிரெஞ்சு கதைத்து வேலை செய்கிறேன், முதலாளியோடு சண்டையும் பிடித்திருக்கிறேன். அந்தப் பத்துப் பக்கக் குழந்தைப் புத்தகத்தில் அரைவாசி வினைச்சொல் எனக்கு விளங்கவில்லை. 'அவன் போனான்' என்பதற்கு நாங்கள் சமையலறையில் 'இல் எ அலே' என்போம். புத்தகத்தில் 'இல் அலா' என்று போட்டிருக்கிறது. இதுக்கு 'பாஸே சேம்ப்ல்' என்று பெயர். இறந்தகாலத்தின் எழுத்து வடிவம். தெருவில், கடையில், ரெலிபோனில் ஒருவரும் இதைக் கதைப்பதில்லை. ஆனால் சின்டரெல்லாவும் ஓநாயும் அதில்தான் நடமாடுவார்கள்.

எங்களுக்கு இது புதினம் இல்லை. 'நேற்று வந்தவர்' என்று கதைத்துவிட்டு 'நேற்று வந்தார்' என்று எழுதுகிற ஆக்கள் நாங்கள். கதைக்கிற தமிழ் வேறு, எழுதுகிற தமிழ் வேறு என்று மூன்றாம் வகுப்பிலேயே எங்களுக்குத் தெரியும். பிரெஞ்சிலும் அப்படித்தான், என்ன, கொஞ்சம் மறைவாக இருக்கும். ஒரு பிரெஞ்சு வீட்டுப் பிள்ளைக்கு மூன்று வயதில் தாயோ தகப்பனோ படுக்கையில் கதை வாசிக்கும்போது அந்த எழுத்துப் பிரெஞ்சு காதில் விழுந்துவிடுகிறது. எங்கட பிள்ளைக்கு வீட்டில் தமிழ். ரீவியில் கதைக்கிற பிரெஞ்சு. விளையாட்டு முற்றத்தில் அதைவிடச் சுருக்கமான பிரெஞ்சு. எழுத்துப் பிரெஞ்சைப் பிள்ளை எங்கே கேட்கும்? வகுப்பில் கொஞ்சம் கேட்கும். மிச்சம் முழுக்கப் புத்தகத்துக்குள்ளேதான் இருக்கிறது.

அண்ணை, டிக்தேயில் வருகிறதும் அந்தப் பிரெஞ்சுதான். கணக்கிலும் அதுதான். மகளின் வகுப்பில் பிள்ளைகள் கூட்டல் கழித்தலில் பிழைவிடுவது குறைவு. 'ஒரு வியாபாரியிடம் இத்தனை பெட்டி இருந்தது, அதில் மூன்றில் ஒரு பங்கை விற்றபின்…' என்று நாலு வரியில் ஒரு வசனக் கணக்கு வந்தால்தான் தடுமாறுவார்கள். அங்கே இடறுவது இலக்கத்தில் இல்லை, வசனத்தில். வாசிக்காத பிள்ளையை எத்தனை தனியார் வகுப்புக்கு அனுப்பினாலும் அந்த வசனம் முன்னாலே வந்து நிற்கும்.

அப்படியென்றால் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் காணுமே, நூலகமும் ஆளும் எதுக்கு என்று கேட்பீர்கள். இதுக்கு நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

எங்கட பள்ளிக்கூடத்தில் ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்த ஒரு பிள்ளை இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். பெயர் வேண்டாம். பெற்றோரில் நேரமுள்ள ஆக்கள் வந்து புது புத்தகங்களுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு உதவச் சொல்லிக் கேட்டாள். நானும் கூப்பூர் நேரத்தில் போனேன். சமையலறையில் சாப்பாட்டுத் தட்டுகளைப் பிளாஸ்டிக்கால் சுற்றிச் சுற்றிப் பழகின கை, ஒரு குமிழி இல்லாமல் உறை போட்டேன். மற்ற அம்மாமார் தங்கட புத்தகத்தையும் என் பக்கம் தள்ளிவிடுவார்கள். அங்கே இருந்துதான் அந்த அறையில் என்ன நடக்கிறது என்று பார்த்தேன்.

சுவரில் பூ மாதிரி ஒரு பெரிய படம். பத்து இதழ், பத்து நிறம். அறிவுப் புத்தகங்களைப் பத்துப் பிரிவாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்திருக்கிறார்கள். இயற்கை, மிருகம் என்றால் பச்சை. வரலாறும் புவியியலும் என்றால் வெள்ளை. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையும் நிறத்தைப் பார்த்துத் தனக்கு வேண்டிய தட்டுக்குப் போகும். ஏழு வயதுப் பிள்ளை 'ஒக்ரோபஸ் பற்றி வேணும்' என்று வந்தால் அவள் எடுத்துக் கொடுக்கமாட்டாள். 'என்ன நிறத்தில் இருக்கும், யோசி' என்பாள். பிள்ளை போய்த் தேடும். பிழையான தட்டில் தேடும், திரும்பி வரும், பிறகு கண்டுபிடிக்கும். தேடவேண்டியது எங்கே இருக்கும் என்று யோசிக்கப் பழகுவதும் படிப்புத்தான். கூகிளில் தேடுகிற காலத்தில் அது முன்னையைவிடக் கூடத் தேவை.

அந்த வருசம் நடுவில் எங்கட நாட்டில் இருந்து ஒரு பெடியன் வந்து சேர்ந்தான். எட்டு வயது. பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. வகுப்பில் கல் மாதிரி இருப்பான் என்று மகள் சொல்வாள். நூலகத்துக்கு வந்த முதல் நாள் அவள் அவனுக்கு எழுத்தே இல்லாத ஒரு படக்கதைப் புத்தகத்தைக் கொடுத்தாள். படத்தாலேயே கதை சொல்கிற புத்தகங்கள் இருக்கின்றன, எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அவன் அதைக் கடைசிவரைக்கும் புரட்டினான். இந்த நாட்டில் அவன் முழுதாக விளங்கி முடித்த முதல் புத்தகம் அது. அடுத்த கிழமை இன்னொன்று. பிறகு பக்கத்துக்கு ஒரு வரி இருக்கிற புத்தகம். பிறகு சித்திரக்கதை. வருசக் கடைசியில் அவன் மற்றப் பிள்ளைகளோடு தட்டுக்கு முன்னால் நின்று அடிபட்டான், யார் முதலில் எடுக்கிறது என்று.

அந்தப் புத்தகங்கள் எல்லாம் முதலே அந்தத் தட்டில்தான் இருந்தன. அவள் இல்லாவிட்டாலும் இருந்திருக்கும். ஆனால் எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம், அதுக்குப் பிறகு எது என்று பார்த்துக் கொடுக்க ஒரு கண் வேணும். சமையலறையிலும் இதுதான். குளிர்பெட்டி நிறையச் சாமான் இருந்தால் சாப்பாடு ஆகிவிடுமா?

இன்னொன்றும் அந்த அறையில் நடந்தது. 1988 இல் இருந்து பிரான்சில் 'லே சேங்கொருப்திப்ல்' என்று ஒரு சிறுவர் நூல் பரிசு இருக்கிறது. பெயரின் அர்த்தம், இலஞ்சத்துக்கு மசியாதவர்கள். வகுப்புக்கு ஏற்றபடி சில புத்தகங்களைத் தெரிவுசெய்து பள்ளிகளுக்குக் கொடுப்பார்கள். பிள்ளைகள் வருசம் முழுக்க வாசிப்பார்கள், கடைசியில் எது நல்லது என்று வாக்குப் போடுவார்கள். பெரியவர்கள் இல்லை, பிள்ளைகள்தான் நடுவர். வாக்குச்சீட்டு, பெட்டி எல்லாம் வைத்துச் செய்தாள் அவள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியில் இருந்து வந்து குடியுரிமை எடுக்காத எங்களைப்போல ஆக்களுக்கு இந்த நாட்டில் எந்த அரசாங்கத் தேர்தலிலும் வாக்கு இல்லை. என் மகள் ஏழு வயதில் வாக்குப் போட்டுவிட்டு வந்து, தான் போட்ட புத்தகம் ஏன் நல்லது என்று பஸ் முழுக்க எனக்கு விளங்கப்படுத்தினாள். ஒரு புத்தகத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்லலாம், ஆனால் ஏன் என்று சொல்லவேணும் என்பதை அவளுக்கு யாரும் பாடமாக எழுதிப் போடவில்லை.

இரண்டு வருசத்துக்கு முன் அவளின் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. அவளுக்குப் பதிலாக ஒருவரும் வரவில்லை. ஆசிரியர்கள் தங்களுக்கு நேரம் கிடைத்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர்களைக் குறைசொல்லமாட்டேன். இருபத்தைந்து பிள்ளைகளையும் பாடத்திட்டத்தையும் வைத்துக்கொண்டு, கிழிந்த புத்தகம் ஒட்டி, இரவல் பட்டியல் எழுதி நூலகமும் நடத்து என்றால் எப்படி? இந்த செப்டெம்பரில் பள்ளி தொடங்கியபோது கதவில் பூட்டு. அறையை வேறு தேவைக்கு எடுக்கப்போகிறார்கள் என்று கதை அடிபடுகிறது.

இது எங்கட பள்ளிக்கூடத்தில் மட்டும் நடந்த விசயம் இல்லை. நாடு முழுக்க இதே கதை இரண்டு மூன்று தரம் நடந்திருக்கிறது. 1997 இல் அரசாங்கம் இளையோருக்கு ஐந்து வருச ஒப்பந்த வேலைத்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பல்லாயிரம் பேர் பள்ளிகளில் உதவியாளர்களாகச் சேர்ந்தார்கள். எத்தனையோ பே-சே-தேக்கள் அவர்களால்தான் உயிரோடு இருந்தன. 2002 இல் ஆட்சி மாறியது, புதிதாக ஆள் எடுப்பது நின்றது, ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக முடிய நூலகங்களும் படுத்துவிட்டன. பிறகு வேறு பெயரில் அரச உதவியுள்ள ஒப்பந்தங்கள் வந்தன. 2017 ஆகஸ்டில் அவற்றையும் வெட்டினார்கள்.

அதே 2017 செப்டெம்பரில் வறிய பகுதிப் பள்ளிகளில் முதலாம் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஏறக்குறைய பன்னிரண்டு பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்று ஆக்கினார்கள். நல்ல திட்டம். எங்கட பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளுக்குத்தான் அது கூடக் கிடைத்தது. ஆனால் வகுப்பு இரண்டானால் அறையும் இரண்டு வேணும். அறைக்கு எங்கே போவது? பல பள்ளிகளில் நூலக அறையைத்தான் எடுத்தார்கள். ஒரு கையால் வாசிக்கப் பழக்க ஆசிரியரைக் கொடுத்து, மற்றக் கையால் வாசிக்கிற இடத்தை எடுத்த மாதிரி.

இதுக்குள்ளே காசுப் பிரச்சினையும் இருக்கிறது. ஆரம்பப் பள்ளிக் கட்டடமும் தளபாடமும் மாநகரசபையின் பொறுப்பு. ஆசிரியரின் சம்பளம் அரசாங்கத்தின் பொறுப்பு. நூலகத்தில் நிற்கிற ஆள் யாரின் பொறுப்பு என்று கேட்டால், அவர் இவரைக் காட்டுவார், இவர் அவரைக் காட்டுவார். எங்களுக்குப் பழக்கமான விளையாட்டுத்தான். விசாக் காரியாலயங்களில் எத்தனை தரம் பார்த்திருக்கிறோம்.

நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை நாடுகளுக்கிடையில் அளக்கிற பேர்ல்ஸ் என்கிற சோதனை ஒன்று ஐந்து வருசத்துக்கு ஒருக்கால் நடக்கிறது. 2001 இல் பிரான்ஸ் 525 புள்ளி. 2016 இல் 511. 2021 இல் 514. இந்த இறக்கம் நூலகம் பூட்டியதால்தான் வந்தது என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் அது புளுகு. ஆனால் வாசிப்பு இறங்குகிற ஒரு நாட்டில், வாசிப்பைப் பழக்குகிற ஆளுக்குச் சம்பளம் இல்லை என்பதை எப்படி நியாயப்படுத்துவது?

சிலர் சொல்வார்கள், 'ஊர் நூலகம் இருக்கே, காசும் இல்லை, அங்கே போகலாமே' என்று. உண்மை. பாரிஸ் மாநகர நூலகங்களில் சும்மா பதிந்து புத்தகம் எடுக்கலாம். கூட்டிக்கொண்டு போகக்கூடிய ஆக்கள் கட்டாயம் போங்கள். ஆனால் புதன்கிழமையும் சனிக்கிழமையும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நூலகத்துக்குப் போகிறவர் யார்? சனிக்கிழமை வேலை இல்லாதவர். எங்கட ஆக்களில் உணவகத்தில் நிற்கிறவருக்கும், கடையில் நிற்கிறவருக்கும், துப்புரவு வேலைக்குப் போகிற அம்மாவுக்கும் சனிக்கிழமைதான் முதுகு முறிகிற நாள். பள்ளி நூலகத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக ஒருவரும் தேவையில்லை. பிள்ளை ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறது. தாய் தகப்பனுக்கு நேரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டில் புத்தகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கதவு. அதனால்தான் அந்தக் கதவு மற்ற எல்லாரையும்விட எங்களுக்குத் தேவை.

இன்னொரு பயமும் எங்கட ஆக்களிடம் இருக்கிறது. 'பிரெஞ்சுப் புத்தகத்துக்குள்ளே விழுந்தால் பிள்ளைக்குத் தமிழ் போயிடும்.' நான் பார்த்த அளவில் நடப்பது மறுவளம். ஒரு மொழியிலும் வாசிக்காத பிள்ளை தமிழையும் வாசிக்காது. புத்தகத்தைத் திறந்தால் உள்ளே ஏதோ இருக்கும் என்ற நம்பிக்கை ஒருக்கால் வந்துவிட்டால், அதைத் தமிழுக்குத் திருப்பலாம். அதுக்கு நாங்கள்தான் வழி செய்யவேணும். கிழமைக் கடைசியில் பிள்ளைகளைத் தமிழ் படிக்க அனுப்புகிறோம். பாடப்புத்தகம் இருக்கிறது, பரீட்சை இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது. இரவல் எடுக்கக் கதைப்புத்தகம் எத்தனை இடத்தில் இருக்கிறது? ஒரு அலுமாரியும், அதைப் பார்க்க ஒரு அக்காவும் போதும். ஆண்டுவிழா மண்டபச் செலவில் ஒரு துண்டு காணும்.

யாழ்ப்பாண நூலகத்தின் கதையில் எரிந்த பகுதியைத்தான் நாங்கள் கூடச் சொல்கிறோம். தொடங்கிய பகுதியையும் சொல்லவேணும். 1933 இல் க. மு. செல்லப்பா என்கிற மனிதர் தன் வீட்டில் இருந்த புத்தகங்களை மற்றவர்களுக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அதுதான் விதை. அந்த அழகான கட்டடம் திறந்தது 1959 இல். அதன் திட்டத்துக்கு ஆலோசனை சொன்னவர் சீர்காழிக்காரரான எஸ். ஆர். இரங்கநாதன். புத்தகத்தைப் பூட்டிக் காப்பதைவிட, அதை உரிய வாசகனிடம் சேர்ப்பதுதான் நூலகத்தின் வேலை என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த ஆள். சிறுவர் பகுதி 1967 இல் திறந்தார்கள். பாருங்கள், முதலில் வந்தது கட்டடம் இல்லை. புத்தகத்தை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்கிற ஒரு ஆள்.

சரி, நாங்கள் என்ன செய்யலாம்?

எங்களுக்கு இந்த நாட்டில் வாக்கு இல்லை என்று சொன்னேன். ஒரு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு அக்டோபரிலும் பள்ளிகளில் பெற்றோர் பிரதிநிதிகளுக்குத் தேர்தல் நடக்கும். எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். தாய்க்கு ஒரு வாக்கு, தகப்பனுக்கு ஒரு வாக்கு. வாக்குப் போடவும் முடியும், நிற்கவும் முடியும். பிள்ளையின் பையில் அந்தக் கடித உறை வரும், நாங்கள் பீற்சாக்கடை விளம்பரத்தோடு சேர்த்து எறிந்துவிடுவோம். தெரிவாகிறவர்கள் பள்ளிச் சபைக் கூட்டத்தில் இருப்பார்கள். தவணைக்கு ஒரு தரமாவது அது கூடவேணும். பள்ளி அதிபர், ஆசிரியர்கள், மாநகரசபை ஆள், எல்லாரும் ஒரே மேசையில். காசைப் பற்றி ஒருவரை ஒருவர் காட்டமுடியாத இடம் அது ஒன்றுதான்.

பிரெஞ்சு நல்லாக வராது என்று பின்வாங்கவேண்டாம். மூன்று கேள்விக்கு மேல் தேவையில்லை. நூலகம் கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் திறந்திருக்கிறது? அந்த நேரம் உள்ளே நிற்கிற ஆள் யார், அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? ஒவ்வொரு பிள்ளையும் கிழமைக்கு ஒரு புத்தகமாவது வீட்டுக்குக் கொண்டுபோகிறதா? கேட்டுவிட்டு, பதிலைக் கூட்ட அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். அறிக்கையில் ஏறினால் அடுத்த கூட்டத்தில் திரும்பக் கேட்கலாம்.

எங்கட பள்ளிக்கூடத் தேர்தல் அடுத்த மாசம். பட்டியலில் என் பெயரையும் கொடுத்திருக்கிறேன். முதலாளியிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன், கூட்டம் நடக்கிற பின்னேரம் ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வருவேன் என்று. அவன் முகத்தைச் சுளித்தான், பரவாயில்லை.

யாழ்ப்பாணத்தில் நெருப்பு வைத்தவர்களை நாங்கள் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. இங்கே ஒருவரும் நெருப்பு வைக்கவில்லை. ஒரு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டார்கள், ஒரு கதவைப் பூட்டினார்கள். புத்தகமெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, நான் போட்ட உறையோடு. இதைப் படம் பிடித்துப் பகிர ஒன்றும் இல்லை. போய்க் கேட்கத்தான் வேணும்.

கலியாண வீட்டு அண்ணை இதை வாசித்தால், உங்கட கடைக்குட்டியின் பள்ளிக்கூடத்தில் முதலாவது கேள்வியை மட்டும் கேட்டுப்போட்டு எனக்குச் சொல்லுங்கோ. மற்ற நாடுகளில் இருக்கிற ஆக்கள், உங்கட இடத்தில் எப்படி என்று நீங்களும் எழுதுங்கோ. கூட்டத்தில் என்ன நடந்தது என்று நான் எழுதுகிறேன்.